ஆய்வுக்கூட வாயிலில் நம் பிள்ளைகள்

(ஆலய மண்டபத்தில் நடைபெற்ற மாணவர் கல்வி வழிகாட்டி நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்நிலைப் பள்ளியில் அறிவியலும் கணிதமும் முப்பத்து நான்கு ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆலயக் குழுவில் சேர்ந்த பிறகு, அன்னதானக் கணக்கைப் பார்ப்பதோடு, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்க வருபவர்களுக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பாகிவிட்டது. முன்பெல்லாம் எந்தத் தொடக்கக் கல்லூரி, எந்தப் பாடச் சேர்க்கை என்று கேட்பார்கள். இந்தச் சில ஆண்டுகளாக வேறொரு கேள்வி அதிகம் வருகிறது. “சார், அமெரிக்காவில் விடுமுறை ஆய்வுத் திட்டம் ஒன்று இருக்கிறதாமே, இங்கேயும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதாமே, அதற்கு விண்ணப்பம் எப்படி எழுதுவது?” என்று பெற்றோர் வந்து நிற்கிறார்கள். பெரும்பாலும் விண்ணப்பம் முடிய ஒரு வாரமோ பத்து நாளோ இருக்கும்போது வருகிறார்கள். அதற்குள் என்னால் செய்து தர முடிவது எழுத்துப் பிழை திருத்துவது மட்டும்தான். ஆகவேதான் இன்று, இங்கே உயர்நிலை இரண்டு, மூன்று படிக்கும் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் போதே, இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில் இத்திட்டங்கள் யாவை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மிகவும் பெயர் பெற்றது ஆர்.எஸ்.ஐ. எனப்படும் ரிசர்ச் சயன்ஸ் இன்ஸ்டிட்யூட். 1984-இல் தொடங்கப்பட்டு, பல்லாண்டுகளாக மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நடைபெறுகிறது. ஆறு வாரம். ஏறத்தாழ நூறு பேர்தாம். பயிற்சிக் கட்டணம் கிடையாது. முதலில் வகுப்புகள், பின்பு ஒரு வழிகாட்டியின் கீழ் ஆய்வு, இறுதியில் ஆய்வுக் கட்டுரையும் மேடை விளக்கமும். சிங்கப்பூர் மாணவர்களும் சென்று வந்திருக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை தானாக எழுதிப் போட்டுவிட முடியாது; அந்தந்த நாட்டின் தேர்வு வழியாகவே செல்ல வேண்டும். எனவே முதலில் தட்ட வேண்டிய கதவு உங்கள் பள்ளியின் கதவு.

கோடை அறிவியல் திட்டம் என்று இன்னொன்று 1959-இல் கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில் தொடங்கியது. ரஷ்யாவின் ஸ்புட்னிக் விண்ணில் ஏறி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் வானியல் பிரிவில் மூன்று மூன்று பேராக மாணவர்கள் இரவெல்லாம் விழித்து, பூமிக்கு அருகே வரும் ஒரு சிறுகோளைத் தொலைநோக்கியால் படமெடுத்து, அதன் சுற்றுப்பாதையைத் தாங்களே கணக்கிடுகிறார்கள். கணிதத்தில் நாட்டமுள்ளவர்களுக்கு 1957-இல் பேராசிரியர் ஆர்னல்ட் ராஸ் தொடங்கிய ராஸ் திட்டமும், 1989 முதல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் நடந்துவரும் புரோமிஸ் திட்டமும் உண்டு. இவற்றின் விண்ணப்பத்திலேயே கடினமான கணக்குகள் சில இருக்கும். விடை முழுமையாக வராவிட்டாலும் எப்படி முயன்றாய் என்பதை எழுதி அனுப்பச் சொல்வார்கள். துணைப்பாட ஆசிரியர் போட்டுக் கொடுத்த பளபளப்பான விடைக்கு அங்கே பயனில்லை.

நம் நாட்டிலும் குறைவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நடக்கும் அறிவியல் ஆய்வுத் திட்டம், நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நான்யாங் ஆய்வுத் திட்டம், தற்காப்பு ஆய்வு அமைப்புகள் நடத்தும் இளம் தற்காப்பு அறிவியலாளர் திட்டம் ஆகியவை உள்ளன. ‘கோடை’ என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். நமக்கு ஆண்டு முழுவதும் கோடைதான். இங்குள்ளவை பள்ளி நாள்களோடு சேர்ந்து பல மாதங்கள் நடப்பவை. அமெரிக்கத் திட்டங்களோ ஜூன் இறுதியில் தொடங்கி ஆகஸ்டு வரை நீள்பவை. நம் ஜூன் விடுமுறை முடிந்து மூன்றாம் தவணை நடந்து கொண்டிருக்கும். பள்ளி முதல்வரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நடக்காது.

தகுதி விதிகளை முதலில் படியுங்கள். டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் கிளார்க் திட்டம் ஆண்டுக்குப் பன்னிரண்டு பேரை மட்டும் எடுக்கிறது. தொடக்க நாளன்று 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தின் சைமன்ஸ் திட்டமோ அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஒரு குடும்பம் இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டுரை எழுதிய பிறகு இந்த வரியைப் படித்ததை நான் கண்டிருக்கிறேன். அதோடு நாள் கணக்கையும் பாருங்கள். அமெரிக்க விண்ணப்பங்கள் பலவும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடிந்துவிடும். அப்படியானால் தொடக்கக் கல்லூரி முதலாண்டுக்காரர் எழுதும் விண்ணப்பத்தில் இருக்கப் போவது, உயர்நிலை மூன்றிலும் நான்கிலும் அவர் செய்தவையே.

சரி, என்ன செய்திருக்க வேண்டும்? இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். மதிப்பெண் பட்டியல், ஒலிம்பியாட் பதக்கம், நடனம், பேச்சுப் போட்டி, மாணவர் தலைவர் பதவி என்று எல்லாவற்றையும் திருமண வரிசைத் தட்டு போல் அடுக்குகிறார்கள். மதிப்பெண் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கணிதத்திலும் அறிவியலிலும் நல்ல தேர்ச்சி இல்லாமல் அந்த வாயிலை நெருங்கவே முடியாது. ஆனால் அங்கே வந்து சேரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட பிள்ளைகளுடையவைதாம். ஆய்வுக்கூடத்தை நடத்துபவர் அதற்கு மேல் ஒன்றைத் தேடுகிறார். தன் முன்னால் உள்ள ஒன்றைப் பார்த்து, இது ஏன் இப்படி என்று கேட்டு, அந்தக் கேள்வியை விடாமல் சில மாதம் சுமந்த பிள்ளை எது என்று தேடுகிறார். ஆறு வாரத்தில் மூன்று வாரம் சோதனை தோற்றுக்கொண்டே இருக்கும். அப்போது அழுதுகொண்டு அறைக்குள் படுத்துவிடாத பிள்ளை அவருக்கு வேண்டும்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தந்தை பேருந்து ஓட்டுநர், தாய் வீட்டிலிருந்தபடி இட்லி, தோசை மாவு அரைத்து அக்கம்பக்கத்து அடுக்குமாடிகளுக்கு விற்பவர். இந்தப் பெண் தன் கட்டுரையின் முதல் வரைவை என்னிடம் கொண்டுவந்தாள். சிறு வயது முதலே அறிவியலில் தணியாத தாகம் உண்டு என்று தொடங்கி, புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பேன் என்று முடிந்திருந்தது. நடுவில் அப்துல் கலாமும் மேரி கியூரியும் வந்து போனார்கள். படித்துவிட்டு, “அம்மா, இதில் நீ எங்கே இருக்கிறாய்?” என்று கேட்டேன். பதில் இல்லை.

பிறகு பேச்சுவாக்கில் வெளிவந்தது. தாயார் அரைக்கும் மாவு சில நாள் நன்றாகப் பொங்குகிறது, சில நாள் பொங்குவதில்லை. பொங்காத நாளில் வாடிக்கைக்காரர் முகம் சுளிக்கிறார். இவள் என்ன செய்தாள் என்றால், ஒரே அளவுள்ள கண்ணாடிப் புட்டியில் ஒவ்வொரு நாளும் ஒரே அளவு மாவை ஊற்றி, புட்டியின் வெளியே காகித அளவுகோலை ஒட்டி, இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் உயரத்தைக் குறித்திருக்கிறாள். சமையலறை வெப்பத்தையும் எழுதியிருக்கிறாள். முப்பத்தொரு நாள். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டதற்கு, “மற்றவர்களெல்லாம் பெரிய பெரிய கருவி வைத்துச் செய்திருக்கிறார்கள் சார், நான் மாவைப் பற்றி எழுதினால் சிரிப்பார்கள்” என்றாள்.

அந்தப் பயிற்சிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். வெப்பம் கூடினால் மாவு கூடுதலாகப் பொங்கும் என்று முதலில் நினைத்திருக்கிறாள். பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான்கு நாள் மட்டும் வெப்பமான இரவாக இருந்தும் மாவு ஏறவில்லை. அந்த நான்கு எண்களையும் அவள் அழிக்கவில்லை, மாற்றவில்லை. சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் மூன்று ஊகங்களை எழுதியிருந்தாள். உளுந்து பழையதா? அரைக்கும் போது இயந்திரம் சூடேறி மாவும் சூடாகிவிட்டதா? உப்பை முன்னதாகச் சேர்த்துவிட்டார்களா? மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாது, ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். முப்பத்து நான்கு ஆண்டு கற்பித்தவன் சொல்கிறேன், பாடநூலில் மாறிகளைப் பற்றிய அத்தியாயத்தை மனனம் செய்து முழு மதிப்பெண் வாங்கிய எத்தனையோ பேர் இந்த ஒரு வாக்கியத்தைத் தாமாக எழுதமாட்டார்கள்.

இட்லி மாவைப் பொங்கச் செய்வது, உளுந்தோடு வந்து சேரும் லியூகோநாஸ்டாக் முதலிய நுண்ணுயிர்கள். அவை வெளியிடும் கரியமில வாயுதான் மாவை உப்பச் செய்கிறது; உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. நூலகத்தில் தேடி இதையும் படித்துக்கொண்டாள். படித்த பிறகு அவளுக்கு ஒன்று புரிந்தது. புட்டியின் உயரத்தைக் கொண்டு இதற்கு மேல் போக முடியாது. அந்த நான்கு நாளும் நுண்ணுயிர் குறைந்ததா, அல்லது உயிர் இருந்தும் வாயுவைப் பிடிக்கும் பசை கெட்டதா என்று அறிய, உயிர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். “எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு ஏன் வர விரும்புகிறாய்?” என்ற கேள்விக்கு இதைவிடச் சிறந்த பதில் என்ன இருக்க முடியும்? கட்டுரையை முழுவதுமாக மாற்றி எழுதினாள். வெளிநாட்டுத் திட்டத்திற்கு அவள் தேர்வாகவில்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்தது. அங்கே அவளுக்குக் கொடுக்கப்பட்டது மாவைப் பற்றிய வேலை அல்ல, வேறு ஏதோ ஒரு பாக்டீரியா. அதனால் என்ன, வேலை பிடித்துப் போய்விட்டது.

ஆகவே மாணவர்களே, இன்றே ஒரு தடித்த அட்டைப் புத்தகம் வாங்குங்கள். நாள், நேரம் போட்டு, பேனாவால் எழுதுங்கள். தாளைக் கிழிக்காதீர்கள். தவறு என்றால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், கீழே உள்ளது தெரிய வேண்டும். ஆய்வாளர்கள் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். விண்ணப்பம் எழுதும் போது நினைவைத் தோண்ட வேண்டியிருக்காது. புத்தகத்தைத் திறந்தால் போதும்.

கட்டுரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘தாகம்’, ‘கனவு’, ‘சிறு வயது முதல்’ என்று வரும் இடங்களை அடித்துவிட்டு, அங்கே என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள். இன்னொன்று, ‘உயிரியல் பிடிக்கும்’ என்று எழுதுவது, ‘ஆசியாவுக்குப் போக வேண்டும்’ என்று பயணச்சீட்டு கேட்பதைப் போன்றது. உயிரியலுக்குள் எந்தப் பகுதி, அதற்குள் எந்தக் கேள்வி என்பது வரை இறங்குங்கள். அந்தத் துறையில் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரையையாவது முழுமையாகப் படிக்க முயலுங்கள். பாதி புரியாது. புரியாத பாதியைக் கேள்விகளாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பரிந்துரைக் கடிதம். இதில் சற்று நிதானமாகப் பேச அனுமதியுங்கள், ஏனென்றால் மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்து நூற்றுக்கணக்கில் எழுதியவன் நான். “அடுத்த திங்கட்கிழமைக்குள் வேண்டும் சார்” என்று வெள்ளிக்கிழமை வந்து கேட்கும் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன எழுதுவார்? கடின உழைப்பாளி, நல்ல ஒழுக்கம், வகுப்பில் முதல் ஐவரில் ஒருவர். இதையே வகுப்பில் மற்ற நால்வருக்கும் எழுதியிருப்பார். பொய்யில்லை, ஆனால் அதைப் படிப்பவருக்கு ஒரு முகமும் தெரியாது.

குறைந்தது ஆறு வாரம் முன்னதாகக் கேளுங்கள். கேட்கும் போதே ஒரு தாளில், அந்த ஆசிரியர் நேரில் பார்த்த இரண்டு மூன்று செய்திகளைக் குறித்துக் கொடுங்கள். எந்தச் சோதனை, எந்த மாதம், நீங்கள் கேட்ட கேள்வி, அவர் சொன்ன பதில், அதன் பிறகு நீங்கள் செய்தது. இது ஆசிரியருக்குக் கட்டளை அல்ல, நினைவூட்டல். நாற்பது பேர் கொண்ட வகுப்புகளை ஆண்டுக்கு நான்கைந்து என்று பார்ப்பவர் அவர். எந்த ஆசிரியரைக் கேட்பது என்றும் பிள்ளைகள் கேட்கிறார்கள். அதிக மதிப்பெண் கொடுத்தவரைத் தேடி ஓடுவதைவிட, நீங்கள் ஒன்றில் தோற்று, திரும்பி வந்து, மீண்டும் செய்ததைக் கண்ணால் கண்டவரைக் கேளுங்கள். அவரிடம்தான் எழுதுவதற்குச் செய்தி இருக்கும். நம் பிள்ளைகள் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று வகுப்பில் வாய் திறப்பதில்லை. பணிவு நல்லதுதான். ஆனால் இரண்டு ஆண்டுகள் வாய் திறவாத பிள்ளையைப் பற்றி ஆசிரியருக்கு என்ன தெரியும்? பாடம் முடிந்த பிறகு ஐந்து நிமிடம் நின்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் அறிந்தவரை எந்த ஆசிரியரும் அதற்காகக் கோபித்துக் கொண்டதில்லை. கோபித்தால் அவர் களைப்பாக இருக்கிறார் என்று பொருள், மறுநாள் கேளுங்கள்.

சில தேர்வுகளில் நேர்காணலும் உண்டு. ஆர்.எஸ்.ஐ. திட்டத்தை நடத்தும் அமைப்பை 1983-இல் நிறுவியவர்களுள் ஒருவர் அட்மிரல் ஹைமன் ரிக்கோவர். போலந்தில் பிறந்து, சிறு வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர், தையற்காரரின் மகன், தந்தி கொண்டு கொடுக்கும் பையனாக வேலை பார்த்தவர், பிற்காலத்தில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலுக்குத் தந்தை என்று பெயர் பெற்றார். தம்மிடம் வேலைக்கு வரும் அதிகாரிகளைத் தாமே நேர்காணல் செய்வார். முன்கால்களைச் சற்று அறுத்துக் குறைத்த நாற்காலியில் உட்கார வைப்பாராம், வந்தவர் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக! 1952-இல் அவர்முன் அமர்ந்த இளைஞர் ஒருவரிடம், கடற்படைக் கல்லூரியில் உன் முழு ஆற்றலையும் காட்டிப் படித்தாயா என்று கேட்டார். ஆம் என்று சொல்ல வாயெடுத்த இளைஞர், யோசித்துவிட்டு, எப்போதும் இல்லை ஐயா என்று உண்மையைச் சொன்னார். வேலை கிடைத்தது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி கார்ட்டர் அவர். இதை அவரே 1975-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார்.

உங்களுக்கு அப்படி நாற்காலி போடமாட்டார்கள். ஆனால் உங்களுக்குத் தெரியாத இடம் வரும்வரை கேட்டுக்கொண்டே போவார்கள். அந்த இடம் வந்ததும் மழுப்பாதீர்கள். தெரியாது என்று சொல்லி, அதைக் கண்டறிய என்ன செய்வேன் என்று தொடர்ந்து சொல்லுங்கள். வீட்டில் சாப்பாட்டு மேசையில் பெற்றோர் இதற்குப் பயிற்சி கொடுக்கலாம். அறிவியல் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளை சொல்வதைக் கேட்டு, “எனக்குப் புரியவில்லை, இன்னொரு முறை சொல்” என்று சொன்னால் போதும். மாவு அரைக்கும் தாயார் அதைத்தான் செய்தார்.

இனிப் பெற்றோர்களிடம் இரண்டு செய்திகள். முதலாவது பணம். பல ஆயிரம் வெள்ளி கட்டினால் ஆய்வு வாய்ப்பு, சான்றிதழ், கட்டுரை வெளியீடு எல்லாம் கிடைக்கும் என்று விளம்பரங்கள் வருகின்றன. கட்டணம் வாங்குவதெல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். நான் சொன்ன கோடை அறிவியல் திட்டமும் கட்டணம் வாங்குவதுதான், வசதி குறைந்தவர்களுக்கு உதவித் தொகையும் தருகிறது. ஆனால் விண்ணப்பித்த எல்லாரையும் எடுத்துக்கொள்ளும் இடத்தில் தேர்வு என்று ஒன்று நடக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். மத்திய சேம நிதியில் மிச்சமிருப்பதை எண்ணிப் பார்க்கும் வயதில் இருக்கும் தந்தை, இதற்காகக் கடன் வாங்கியதாக என்னிடம் சொன்ன போது மனம் வலித்தது.

இரண்டாவது, விண்ணப்பத்தை நீங்கள் எழுதாதீர்கள். அண்ணன் எழுத வேண்டாம், துணைப்பாட ஆசிரியர் எழுத வேண்டாம், இப்போது கேட்ட நொடியில் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டனவே, அவையும் எழுத வேண்டாம். இது நேர்மைக்கு மாறானது என்பது ஒரு புறம். மறுபுறம், அந்தக் கட்டுரையை நம்பி ஒரு வழிகாட்டி உங்கள் பிள்ளைக்கு ஒரு வேலையைக் கொடுப்பார். வீட்டைவிட்டுப் பத்தாயிரம் மைல் தள்ளி, யாருமில்லாத அறையில், தான் எழுதாத ஒன்றைத் தெரிந்தவர் போல் பதினாறு வயதுப் பிள்ளை ஆறு வாரம் நடிக்க வேண்டியிருக்கும். அந்தச் சுமையை நம் கையாலேயே தூக்கி அதன் தலையில் வைக்க வேண்டுமா?

கிடைக்காத பிள்ளைகளே அதிகம் இருப்பார்கள். நூறு இடம், பன்னிரண்டு இடம் என்றால் கணக்கு அப்படித்தான் வரும். முடிவு வரும் நாளில் பிள்ளையிடம் “நான் அப்பவே சொன்னேன்” என்று தொடங்காதீர்கள். அந்தப் புத்தகத்தில் அடுத்த பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று மட்டும் ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு நாட்டம் வேறு எதிலோ இருக்கலாம்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை, ஆலயத்தின் மாடியில் உள்ள நூலக அறையில் இருப்பேன். எந்த மாணவரும் வரலாம், கட்டணம் இல்லை. முதல் முறை வரும் போது விண்ணப்பத் தாளைக் கொண்டு வர வேண்டாம். உங்கள் குறிப்புப் புத்தகத்தைக் கொண்டு வாருங்கள். அதில் இரண்டு வாரக் குறிப்பாவது இருக்கட்டும். இன்னும் புத்தகம் வாங்காதவர்கள், கீழே அன்னதானம் தொடங்குவதற்கு முன் என்னிடம் வந்து ஒன்று பெற்றுக்கொள்ளலாம். ஐம்பது புத்தகங்கள் வாங்கி வைத்திருக்கிறோம்.